இருவினை

நவோயெட்சு ரயில் நிலையத்தில்
இரண்டாம் நடைமேடைப் படிக்கட்டின் கீழே
தொலைந்த பொருள்களுக்கான அறை.
பிப்ரவரி. மினகவா ஹீட்டரைக் காலால் இழுத்து
நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.
குடைகள் நாற்பத்தொன்று,
ஜோடி பிரிந்த கையுறைகள், ஒரு பல்செட்.
மேல்தட்டில்
வெள்ளைத் துணி சுற்றி முடிச்சிட்ட பெட்டி.

படிவம் நேற்றிரவே எழுதியாயிற்று.
பொருள்: அஸ்தி. எண்ணிக்கை: ஒன்று.
வடமொழியில் எலும்புக்கும் 'உண்டு' என்பதற்கும்
நூலிழை வித்தியாசம்.
தமிழில் எழுதினால் அந்த இழையும் இல்லை.

அந்த ஊர் மொழியில் இருப்பதற்கு இரண்டு வினை.
தானாக நகர்வதற்கு: இரு.
நகராததற்கு: அரு.
என் காதுக்கு முன்னது வீட்டுச் சொல்,
பின்னது உருவுக்கு எதிர்ப்பதம்.
தற்செயல்தான்.
தற்செயலுக்கும் எங்கோ ஒரு வினை வைத்திருப்பார்கள்.

மரம் அரு.
வளர்கிறது, பூக்கிறது, பட்டுப்போகிறது, ஆனாலும் அரு.
அதன் மேல் காகம் இரு.
தொட்டியில் நீந்தும் மீன் இரு;
அதே மீன் பனிக்கட்டி மேல், விலைச்சீட்டோடு, அரு.
எந்த நொடியில் மாறுகிறது என்று கேட்டால்
மீன்கடை ஹொசகாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே
"நீங்க கைகாட்டும்போது" என்கிறான்.
ஓட்டுநர் உட்கார்ந்திருந்தால் டாக்சி இரு.
காப்பி வாங்க அவர் இறங்கிவிட்டால்
வண்டி அரு.
பேய்க்கு இரு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
பிணத்துக்கு அரு.
பனிமனிதன் விஷயத்தில்
குழந்தைகளும் வாத்தியார்களும் இன்னும் உடன்படவில்லை.

நம்மிடம் மட்டும் என்ன.
கடவுளும் உண்டு, கடனும் உண்டு.
அமைதி நிலவும், பஞ்சம் தலைவிரித்தாடும்,
சாமி எழுந்தருளியிருக்கும்,
மேனேஜர் சீட்டில் இருப்பார், அல்லது இருக்க மாட்டார்.
'அப்பா இல்லை' என்று ஒருவர் சொன்னால்
எங்கே போயிருக்கிறார் என்று கேட்பதா
கையைப் பிடித்துக்கொள்வதா என்பதை
குரலை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

பதினொன்று ஐம்பதுக்குத் தொலைபேசி.
கினுயே உகாவா என்று பெயர் சொன்னாள்.
"நேற்று ஆறு நாற்பது வண்டி.
நான் ககிஸாகியில் இறங்கினேன்.
அவர் இறங்கவில்லை."
எவர் என்று கேட்க வாயெடுத்த மினகவா
மேல்தட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
"முடிச்சு கொஞ்சம் சாய்ந்திருக்கும்,
எனக்கு இடதுகைப் பழக்கம்."
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று.
"அங்கே இருக்கிறாரா?"

இமாஸ்கா என்றாள்.
காகத்துக்கும் பேய்க்கும் உள்ள வினை.

முப்பது வருடமாக அவர் வாய் தேய்ந்த பதில்
அரிமாஸ்.
குடை அரிமாஸ். பல்செட் அரிமாஸ்.
நாக்கு நுனியில் அது வந்து நின்றது,
விதிப்புத்தகமும் அதன் பின்னால் நின்றது.

"இரஷ்ஷாய்மாஸ்" என்றார்.
முதல் வினைக்குப் பட்டுடுத்திய வடிவம்;
விருந்தாளிக்கு, மேலதிகாரிக்கு, அரசகுடும்பத்துக்கு.
அதைக் கொஞ்சம் திருகி
கடை வாசலில் 'வாங்க வாங்க' என்றும் கூவலாம்.
சொன்னதோடு விட்டிருக்கலாம்.
"இங்கேதான், ஹீட்டர் பக்கத்தில்" என்றும்
சேர்த்துவிட்டார்.

ரிசீவரை வைத்ததும் ஏணி தேடவேண்டியதாயிற்று.
பெட்டியை இறக்கி, தூசி தட்டி,
தன் நாற்காலியில் வைத்தார்.
மூன்று மணிவரை நின்றுகொண்டே
குடைகளை இரண்டு முறை எண்ணினார்.
இரண்டாம் முறை நாற்பது.

மூன்று பன்னிரண்டு வண்டியில் வந்தாள்.
'மேற்கண்ட பொருளைப் பெற்றுக்கொண்டேன்'
என்ற வரிக்குக் கீழே முத்திரை பதித்தாள்.
துணி வெதுவெதுப்பாக இருந்தது.
அவள் ஏன் என்று கேட்கவில்லை,
அவர் படிவத்தைத் திருத்தவும் இல்லை.

நுழைவாயிலருகே பெட்டியை இடுப்போடு அணைத்து
இடது கையால் டிக்கெட்டைத் துழாவியவள்
குனிந்து பெட்டியிடம் ஏதோ சொன்னாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.
தமிழ் தெரிந்திருந்தால்
இரு என்றுதான் சொல்லியிருப்பாள்.